என்எஃப்எஸ் மந்தமா? முதலில் இணைப்பை எண்ணிப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடியில்தான் எங்கள் எடிட்டிங் கூடம். கல்யாண வீடியோ, ஆல்பம், காதுகுத்து, வளைகாப்பு என்று வேலை வரும். மொத்தம் 11 கணினி, எல்லாமே லினக்ஸ். படங்களும் ஃபுட்டேஜும் ஒரே சர்வரில் இருக்கின்றன. ஒவ்வொரு கணினியிலும் அந்தச் சர்வரிலிருந்து ஐந்து ஃபோல்டர்கள் என்எஃப்எஸ் (சர்வரில் உள்ள ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை) வழியாக மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது சொந்த ஃபோல்டர் போலவே மாட்டப்பட்டிருக்கும்: ஹோம், ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட், ஆல்பம், முடிந்த வேலை. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் ஒரு நாள் நின்றாலும் தாங்காது. அதனால் இந்தக் கோளாறுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து தேடித் தீர்க்க வேண்டியிருந்தது. தேடியதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயரை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன்; தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் கிளையன்ட், அதாவது சர்வரிடம் கேட்கும் நம் கணினி, ஒரே சர்வரிலிருந்து எத்தனை ஃபோல்டரை மவுண்ட் செய்தாலும், சர்வரின் ஐபி முகவரியும் என்எஃப்எஸ் பதிப்பும் டிசிபி என்ற தரவு அனுப்பும் வழியும் ஒன்றாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே டிசிபி இணைப்பில்தான் அனுப்பும். வீட்டுக்கு வாசல் ஐந்து இருக்கலாம், வெளியே போகிற சந்து ஒன்றுதான். இதற்குக் காரணமும் உண்டு. என்எஃப்எஸ் கிளையன்ட் வழக்கமாக 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டிலிருந்துதான் (இணைப்பின் முனைக்குத் தரும் எண்) பேசும். அந்த எண்கள் கொஞ்சம்தான். மவுண்ட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஒரு பெரிய காப்பி ஓடும்போது மற்ற ஃபோல்டரெல்லாம் உறைந்துபோகிறது

"அண்ணா, சின்ன ஃபோல்டரைத் திறந்தாகூட சுத்திக்கிட்டே இருக்கு" என்றான் ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி. போய்ப் பார்த்தேன். அவன் கணினியில் பின்னணியில் ஒரு கல்யாணத்தின் முழு ஃபுட்டேஜும் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் திறந்தது ஆல்பம் ஃபோல்டரை. காப்பி போனது ஃபுட்டேஜ் ஃபோல்டருக்கு. வேறு வேறு மவுண்ட்தான், ஆனாலும் மாட்டிக்கொண்டது.

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஒரு கணினி மட்டும்தான் திணறுகிறதா, எல்லாக் கணினியுமா? எல்லாமே திணறினால் சர்வரையோ அதன் டிஸ்கையோ ஸ்விட்ச்சையோ பாருங்கள். ஒன்று மட்டும் திணறினால் அந்தக் கணினியின் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துக் கணினியில் அதே ஆல்பம் ஃபோல்டர் பட்டென்று திறந்தது. சரி, சர்வர் மேல் தப்பில்லை.

அடுத்து, ப்ராக் அடைவுக்குள் செல்ஃப் அடைவில் மவுண்ட்ஸ்டாட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஒரு பகுதி இருக்கும். அதில் எக்ஸ்பிஆர்டி என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். டிசிபி என்ற சொல்லுக்கு அடுத்து வருகிற எண், நம் கணினியின் போர்ட். அவன் கணினியில் ஐந்து மவுண்ட்டுக்கும் அந்த இடத்தில் ஒரே எண்தான் இருந்தது. எஸ்எஸ் கட்டளையை ஓட்டி சர்வரின் என்எஃப்எஸ் போர்ட்டான 2049-க்குப் போகும் இணைப்புகளைப் பார்த்தாலும் ஒரே ஒரு வரிதான் வந்தது. ஐந்து மவுண்ட், ஒரு இணைப்பு.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டைப் பார்த்து கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்போது நடுவில் மாட்டிய ஆட்டோவை நம் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆட்டோவில் இருப்பது ஒரு சின்னப் பார்சல், ஆனால் முன்னால் நிற்கிற லாரி நகர்ந்தால்தான் அதுவும் நகரும். இங்கேயும் அதேதான். எழுதும் கோரிக்கை ஒவ்வொன்றும் 1 எம்பி வரை கனமாக இருக்கலாம். "இந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது" என்று கேட்கிற கோரிக்கை சில நூறு பைட்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இருப்பதால் பதில்கள் எந்த வரிசையிலும் திரும்பி வரலாம். சர்வர் ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தி வைப்பதில்லை. ஆனால் புறப்படும்போது ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போயாக வேண்டும்.

இதை ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்கலாம். என்எஃப்எஸ்ஐயோஸ்டாட் கட்டளையை 5 நொடிக்கு ஒரு முறை காட்டும்படி ஓட்டுங்கள். முதலில் வருவது மவுண்ட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பாருங்கள். அதில் ஆர்டிடி என்ற நேரமும் எக்ஸி என்ற நேரமும் இருக்கும். முன்னது, கோரிக்கையை அனுப்பிப் பதில் வாங்கிய நேரம். பின்னது, கோரிக்கை உருவானதிலிருந்து முடியும் வரை ஆன மொத்த நேரம். இரண்டும் ஏறக்குறைய சமமாகவும் பெரிதாகவும் இருந்தால் தாமதம் நெட்வொர்க்கிலோ சர்வரிலோ. ஆர்டிடி சின்னதாக இருந்து எக்ஸி மட்டும் பல மடங்கு ஏறியிருந்தால், கோரிக்கைகள் நம் கணினியிலேயே வரிசையில் நிற்கின்றன.

இதற்கான தீர்வு என்கனெக்ட் என்ற மவுண்ட் விருப்பம். 2019-இல் வந்த 5.3 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்தது. ஒரே சர்வர் முகவரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிசிபி இணைப்புகளைத் திறந்து, கோரிக்கைகளை முறைவைத்துப் பிரித்து அனுப்பும். அதிகபட்சம் 16. எஃப்எஸ்டேப் (கணினி எழும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல் ஃபைல்) வரியில் என்கனெக்ட் சமம் 4 என்று சேருங்கள். 16 வரை போகலாமே என்று தோன்றும். என் கருத்தில் 4-இல் தொடங்கி, அளந்து பார்த்து, தேவைப்பட்டால் 8-க்குப் போவதே நல்லது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு போர்ட்டைத் தின்னும், சர்வரிலும் இடம் பிடிக்கும்.

கெர்னல் பழையதாக இருந்தால் ஒரு மாற்று வழி உண்டு. கனமான ஃபுட்டேஜை மட்டும் பதிப்பு 3-இலும் மற்றவற்றை 4.1-இலும் மவுண்ட் செய்தால் இரண்டும் தனித்தனி இணைப்பில் போகும். ஃபுட்டேஜைப் பெரும்பாலும் படிக்க மட்டுமே செய்கிற இடத்தில் இதை நம்பிச் செய்யலாம். பூட்டு முறை இரண்டு பதிப்புக்கும் வேறு என்பதால், பல பேர் ஒரே ப்ராஜெக்ட் ஃபைலில் கைவைக்கும் ஃபோல்டரை இப்படிப் பிரிக்க மாட்டேன்.

அறிகுறி: என்கனெக்ட் கொடுத்த பிறகும் இணைப்பு ஒன்றே ஒன்றுதான்

இதில்தான் நான் ஒரு முழு இரவைத் தொலைத்தேன். எஃப்எஸ்டேப்பில் ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட், ஆல்பம் மூன்றுக்கும் என்கனெக்ட் 4 எழுதினேன். மூன்றையும் கழற்றி மாட்டினேன். எஸ்எஸ் பார்த்தால் அதே ஒரு வரி. எழுத்துப்பிழையோ என்று நான்கு முறை படித்தேன். கெர்னல் 5.4, அதுவும் சரி. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மவுண்ட் அமைதியாக வெற்றி என்றது.

காரணம் ஹோம். கணினி எழும்போதே முதலில் மவுண்ட் ஆவது அதுதான், அந்த வரியில் நான் என்கனெக்ட் போடவில்லை. ஒரு சர்வர் முகவரிக்கும் பதிப்புக்கும் முதலில் வருகிற மவுண்ட் என்ன எண்ணைக் கேட்கிறதோ, அதுதான் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும். ஹோம் ஒரு இணைப்பைத் திறந்து வைத்துவிட்டது; மற்ற மூன்றும் அதில் போய் ஏறிக்கொண்டன. அவை கேட்ட எண்ணை யாரும் பார்க்கவே இல்லை.

ரீமவுண்ட் செய்தால் மாறாது. அந்தச் சர்வரிலிருந்து வந்த எல்லா மவுண்ட்டையும் கழற்றினால்தான் பழைய இணைப்பு போகும். பிறகு முதலில் ஏறுகிற வரியில் என்கனெக்ட் இருக்க வேண்டும். நான் இப்போது ஐந்து வரியிலும் ஒரே எண்ணை எழுதிவிடுகிறேன். எது முதலில் ஏறினாலும் கவலையில்லை.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், ஆனாலும் பழைய இணைப்பு போகவில்லை என்றால், யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யூமவுண்ட்டை எல் விருப்பத்தோடு கொடுத்துச் சோம்பலாகக் கழற்றியிருந்தால், பெயர் மவுண்ட் பட்டியலிலிருந்து போய்விடும், ஆனால் திறந்திருக்கிற ஃபைல் மூடப்படும் வரை உள்ளே அது உயிரோடுதான் இருக்கும். ப்ராக் அடைவில் எஃப்எஸ், அதற்குள் என்எஃப்எஸ்எஃப்எஸ், அங்கே சர்வர்ஸ், வால்யூம்ஸ் என்று இரண்டு ஃபைல்கள். மவுண்ட் பட்டியலில் இல்லாதது வால்யூம்ஸில் இருந்தால் அதுதான் ஆள். தானாக மவுண்ட் செய்யும் ஆட்டோஎஃப்எஸ், டாக்கர் வால்யூமாக ஏற்றியது, இவற்றையும் மறக்காமல் பாருங்கள். எங்களுக்கு அன்று பிடித்துக்கொண்டிருந்தது, யாரோ ஒரு டெர்மினலை ஹோம் ஃபோல்டருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதுதான். தேடிச் சலிப்பதைவிட ரீபூட் செய்வது சுலபம் என்றால் அப்படியே செய்யுங்கள், தவறில்லை.

அறிகுறி: சர்வருக்கு வேறு பெயர் வைத்தும் இணைப்பு பிரியவில்லை

சர்வருக்கு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் பட்டியல்) இரண்டு பெயர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மவுண்ட் செய்து பார்ப்பவர்கள் உண்டு. கிளையன்ட் பெயரைப் பார்ப்பதில்லை, பெயருக்குப் பின்னால் உள்ள ஐபி முகவரியைத்தான் ஒப்பிடுகிறது. இரண்டு பெயரும் ஒரே முகவரிக்குப் போனால் ஒரே இணைப்பு.

நோஷேர்கேச் என்ற விருப்பத்தையும் பலர் முயல்வார்கள். பெயரைப் பார்த்தால் எதையோ பிரித்துவிடும் போலத்தான் தோன்றும். அது பிரிப்பது கேச்சை மட்டும். ஒரே எக்ஸ்போர்ட்டை (சர்வர் பகிரும் ஃபோல்டரை) இரண்டு இடத்தில் மவுண்ட் செய்யும்போது ஃபைல் தரவும் பண்புகளும் தனித்தனியாக நினைவில் வைக்கப்படும். இணைப்பு அப்படியே பொதுவாகத்தான் இருக்கும்.

சர்வருக்கு நிஜமாகவே இரண்டு ஐபி இருந்தால்? பதிப்பு 3-இல் இரண்டு முகவரிக்கும் தனித்தனி இணைப்பு கிடைக்கும். 4.1-இல் கதை வேறு. இரண்டாவது முகவரியில் பேசும்போது, "நீ அதே சர்வர்தானே" என்று கிளையன்ட் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் புதிய இணைப்பை விட்டுவிட்டுப் பழையதிலேயே எல்லாவற்றையும் அனுப்பும். புதிய கெர்னல்களில் மேக்ஸ்கனெக்ட் என்ற விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் விடாமல் இரண்டாவது இணைப்பையும் கூடவே சேர்த்துக்கொள்ளும். அதற்கும் உச்சவரம்பு 16.

அறிகுறி: இரண்டு கேபிளை இணைத்தும் ஒரு கேபிளின் வேகம்தான்

1 ஜிகாபிட் கேபிள் ஒன்றில் மேல்சுமையெல்லாம் போக நொடிக்கு ஏறக்குறைய 117 எம்பிதான் போகும். சரி என்று இரண்டு கேபிளை பாண்டிங் செய்து, அதாவது ஒரே கேபிள் போலச் சேர்த்து, மாட்டினோம். 117-ஐத் தாண்டவில்லை. நாங்கள் போட்ட வகைப் பாண்டிங் ஒரு டிசிபி இணைப்பை இரண்டாக உடைக்காது. ஒரு இணைப்பு முழுக்க ஒரே கேபிளில்தான் போகும். ஆக, என்கனெக்ட் இல்லாமல் இரண்டாவது கேபிளுக்கு வேலையே இல்லை.

என்கனெக்ட் போட்ட பிறகும் ஏறவில்லை. ப்ராக் அடைவில் நெட், பாண்டிங், அதில் பாண்ட்0 என்ற ஃபைலைப் பார்த்தேன். ட்ரான்ஸ்மிட் ஹேஷ் பாலிசி என்ற வரியில் லேயர்2 என்று இருந்தது. அதுதான் இயல்பான மதிப்பு. எம்ஏசி முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்துக் கேபிளைத் தேர்ந்தெடுக்கிறது. நமக்கும் சர்வருக்கும் எம்ஏசி முகவரி மாறப்போவதில்லை, அதனால் நான்கு இணைப்பும் ஒரே கேபிளில் விழுந்தன. லேயர்3+4 என்று மாற்றினால் போர்ட் எண்ணும் கணக்கில் சேரும், இணைப்புகள் பிரியும்.

இதை நம் கணினியில் மட்டும் மாற்றினால் நாம் அனுப்புவது மட்டுமே பிரியும். ஃபைலைப் படிக்கும்போது தரவு சர்வரிலிருந்து வருகிறது. சர்வர் எந்தக் கேபிளில் விடுகிறது என்பதை சர்வரின் பாண்டிங்கும், நம் பக்கம் எந்தக் கேபிளில் வருகிறது என்பதை ஸ்விட்ச்சும் முடிவு செய்கின்றன. மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். சில ஸ்விட்ச்சுகளில் போர்ட் எண்ணை வைத்துப் பிரிக்கும் வசதியே இருக்காது, வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: நான்கு இணைப்பும் இரண்டு இரண்டாகப் பிரியும் என்று உறுதியில்லை. மூன்று ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம் என்றும் விழலாம்.

அறிகுறி: இணைப்பு நான்கு இருக்கிறது, ஆனால் பல வேலை ஒன்றாக ஓடினால் வேகம் ஏறவில்லை

பதிப்பு 4.1-இல் இணைப்புகள் எத்தனை இருந்தாலும் செஷன் (சர்வரோடு நடக்கும் உரையாடல்) ஒன்றுதான். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை வெளியே போகலாம் என்பதை செஷனின் ஸ்லாட் எண்ணிக்கை கட்டுப்படுத்தும். என்எஃப்எஸ் மாட்யூலின் மேக்ஸ் செஷன் ஸ்லாட்ஸ் என்ற அமைப்பில் நம் பக்கத்து இயல்பு 64. சர்வர் அதற்குக் கீழே கொடுத்தால் அந்தக் குறைந்த எண்தான் செல்லும். பல சின்னக் கோரிக்கைகளை அள்ளி வீசுகிற வேலையாக இருந்தால் இதை ஏற்றிப் பாருங்கள்.

அதைவிட அடிக்கடி நான் பார்த்தது சர்வரின் த்ரெட் (கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாள்) எண்ணிக்கை. லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் பல காலமாக இயல்பு 8-ஆக இருந்தது. எட்டும் டிஸ்குக்காகக் காத்திருந்தால் ஒன்பதாவது கோரிக்கையைப் பார்க்க ஆளில்லை. என்எஃப்எஸ் கான்ஃப் ஃபைலில் த்ரெட்ஸ் என்ற வரியில் 32 அல்லது 64 என்று மாற்றிவிட்டு சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

அறிகுறி: ஓஎஸ் புதுப்பித்த மறுநாள் பெரிய ஃபைல் படிப்பது மந்தம்

இதற்கும் இணைப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்கு மாறியபோது வீடியோ டைம்லைனை நகர்த்தினாலே திக்கியது. எழுதுவதில் குறையில்லை, படிப்பதில் மட்டும்தான்.

5.4 கெர்னலில் முன்கூட்டியே படித்து வைக்கும் அளவு மாறியது. அதற்கு முன் ஆர்சைஸைப் (ஒரு கோரிக்கையில் படிக்கும் அதிகபட்ச அளவு) போல 15 மடங்கு. ஆர்சைஸ் 1 எம்பி என்றால் 15360 கேபி. அதன்பிறகு வெறும் 128 கேபி. மவுண்ட்பாயின்ட் கட்டளையை டி விருப்பத்தோடு ஃபோல்டர் மேல் ஓட்டினால் 0:52 போல ஓர் எண் கிடைக்கும். சிஸ் அடைவில் கிளாஸ், பிடிஐ, அதற்குள் அந்த எண்ணின் பெயரில் ஓர் அடைவு. அதில் ரீட்அஹெட் கேபி என்ற ஃபைலில் புதிய மதிப்பை எழுதுங்கள். ஃபுட்டேஜுக்கு 15360 வைத்தோம், திக்குவது அப்போதே நின்றது. ஆல்பம் ஃபோல்டரில் சின்னப் படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறப்பார்கள், அதை 128-இலேயே விட்டுவிட்டோம். மறுபடி மவுண்ட் செய்தால் பழைய மதிப்புக்குப் போய்விடும், அதனால் மவுண்ட் ஆகும்போதெல்லாம் தானாக மாறும்படி யூடெவ் விதியாக எழுதி வைத்தேன்.

அறிகுறி: பல சர்வர்கள் உள்ள இடத்தில் புதிய மவுண்ட் ஏறவே மறுக்கிறது

போர்ட் தீர்ந்திருக்கலாம். லினக்ஸில் இதற்கான வரம்பு 665 முதல் 1023 வரை, மொத்தம் 359. ஒவ்வொரு சர்வருக்கும் என்கனெக்ட் 16 போட்டால் 22 சர்வரோடு முடிந்துவிடும். என்கனெக்ட்டைக் குறையுங்கள். அல்லது நோரெஸ்வ்போர்ட் விருப்பத்தால் 1024-க்கு மேலே உள்ள போர்ட்டையும் எடுக்கச் சொல்லலாம். அப்போது சர்வரின் எக்ஸ்போர்ட் வரியில் இன்செக்யூர் என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் ஏற்காது.

அறிகுறி: சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற செய்தி

கரண்ட் போய் ஸ்விட்ச் அணைந்து எழுந்தால் டீமெஸ்ஜியில் (கெர்னலின் செய்திப் பதிவு) இது வரும். இணைப்பு பொதுவானது என்பதால் ஐந்து மவுண்ட்டும் சேர்ந்தே நிற்கும். ஹார்ட் மவுண்ட் (பதில் வரும் வரை விடாமல் முயல்வது) என்றால் சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும், காத்திருங்கள். இந்த உறைதலுக்குப் பயந்து சாஃப்ட் என்று மாற்றிவிடாதீர்கள். நேரம் கடந்ததும் எழுதுகிற வேலை பிழையோடு திரும்பும். மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டால் ஃபைல் பாதியில் கெட்டுப்போகும். ஒருவருடைய கல்யாணப் பதிவு அது, மறுபடி எடுக்க முடியாது. ஸ்விட்ச்சுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

அறிகுறி: இரண்டு கணினி சேர்ந்து ஓடினால் மட்டும் கோளாறு

புதிதாக நான்கு கணினி வாங்கியபோது ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, டிஸ்கை அப்படியே நகலெடுத்து மற்ற மூன்றில் போட்டோம். ஒவ்வொன்றும் தனியாக நன்றாக ஓடியது. இரண்டு சேர்ந்தால் ஒன்றில் சேமிக்கும்போது மற்றதில் ஃபைல் பூட்டு போய்விடும், திடீரென்று சில நொடி நிற்கும், மறுபடி ஓடும். கேபிள் மாற்றினோம், ஸ்விட்ச்சில் போர்ட் மாற்றினோம்.

பதிப்பு 4-இல் கிளையன்ட் தன்னைச் சர்வரிடம் அறிமுகம் செய்துகொள்ளும்போது தன் ஹோஸ்ட்நேமைச் சொல்கிறது. நான்கு கணினிக்கும் ஹோஸ்ட்நேம் ஒன்றே. இரண்டாவது கணினி வந்து அதே பெயரைச் சொன்னதும், "ஓ, அந்தக் கணினி ரீபூட் ஆகித் திரும்பி வந்திருக்கிறது" என்று சர்வர் எடுத்துக்கொண்டு, முதல் கணினி திறந்து வைத்திருந்ததையும் பூட்டி வைத்திருந்ததையும் கலைத்துவிடுகிறது. முதல் கணினி மறுபடி அறிமுகம் செய்துகொண்டால் இரண்டாவதன் பாடு அதே. சர்வரும் நெட்வொர்க்கும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் வையுங்கள். பெயரை மாற்ற முடியாத இடமென்றால் என்எஃப்எஸ் மாட்யூலுக்கு என்எஃப்எஸ்4 யுனிக் ஐடி என்ற அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல்லைக் கொடுங்கள். அதற்கு மெஷின் ஐடி ஃபைலில் உள்ளதை எடுத்துப் போடலாம் என்று தோன்றும். டிஸ்கை நகலெடுத்தபோது அதுவும் நான்கிலும் ஒன்றாகவே வந்திருக்கும், முதலில் அதைப் புதிதாக உருவாக்குங்கள். பெயரை மாற்றிய கையோடு ஒரு முறை முழுதாக ரீபூட் செய்துவிடுங்கள். ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருப்பது பழைய பெயரிலேயேதான் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்.